வேலி போடுவதற்கு முன் விளக்குப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ட்ரோன்களுக்கென்று வானத்தில் தனிப் பாதை ஒதுக்கிவிட்டால் விமானங்களோடு மோதும் ஆபத்து தீர்ந்துவிடும் என்று உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கூடவே ஒரு படம்: மேலே பெரிய விமானம், கீழே வரிசையாக ட்ரோன்கள், நடுவில் ஒரு கோடு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோடு வானத்தில் சரியாக எங்கே இருக்கிறது என்று கேட்டால் கட்டுரை எழுதியவரிடம் பதில் இருக்காது என்று நினைக்கிறேன். கோட்டுக்கு மேலே பறப்பவரும் கீழே பறப்பவரும் உயரத்தை ஒரே இடத்திலிருந்து அளப்பதே கிடையாது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

நான் சில வருடங்களாகத் தொழிலுக்காக ட்ரோன் ஓட்டுபவன். நில அளவை, மின்கோபுரச் சோதனை, இவ்வளவுதான். சாகசம் எதுவும் கிடையாது. ஒருநாள் ஒரு மின்பாதையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தோம். ட்ரோன் 80 மீட்டர் உயரத்தில் நின்றது, அனுமதி எல்லாம் முறையாக வாங்கியிருந்தோம், வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்றே பக்கத்தில் ஒரு தம்பி. "அண்ணே, ஏதோ சத்தம் கேக்குது" என்றான். எனக்கும் கேட்டது. எந்தப் பக்கமிருந்து என்றுதான் இரண்டு பேருக்கும் தெரியவில்லை, சுற்றிலும் மேடும் பாறையுமாக இருந்ததால் சத்தம் நாலா பக்கமும் எதிரொலித்தது. நான் யோசிக்காமல் ட்ரோனை இறக்க ஆரம்பித்தேன். கோபுர உச்சிக்குக் கீழே அது வந்து சேர்ந்த நேரம், எங்கள் முதுகுப் பக்கமிருந்து ஒரு ஹெலிகாப்டர் தலைக்கு மேலே கடந்து போனது. எவ்வளவு உயரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தாழ்வாக. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ராத்திரி தூக்கம் வராமல், விமானங்களின் போக்கைக் காட்டும் ஒரு தளத்தில் தேடினேன். அந்த ஹெலிகாப்டர் அன்று பறந்த தடம் முழுவதும் அதில் இருந்தது. "நான் இங்கே இருக்கிறேன், இந்த உயரத்தில், இந்த வேகத்தில்" என்று வழியெல்லாம் ரேடியோவில் சொல்லிக்கொண்டேதான் வந்திருக்கிறது. அதைக் கேட்கும் காது எங்கள் ட்ரோனில் இல்லை. எங்கள் ட்ரோனுக்கு அவரிடம் எதையும் சொல்லும் வாயும் இல்லை. இரண்டு தரப்பும் விதிப்படிதான் நடந்துகொண்டோம் என்பதுதான் இதில் என்னைப் படுத்துகிற விஷயம். யார் மேலும் தப்பு இல்லை, ஆனால் தப்பித்தது ஒரு பையனின் காது கூர்மையாக இருந்ததால்.

அதனால் என் கட்சி இது: வானத்தைப் பங்கு போட்டு வேலி கட்டுவதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். தாழ்வாகப் பறக்கும் எல்லாமே, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒன்றுக்கொன்று மின்னணு முறையில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இருட்டில் வருகிற சைக்கிளுக்கு விளக்கு கேட்பது மாதிரிதான்.

விமானிக்குக் கண் இல்லையா, பார்த்து விலகிக்கொள்ள மாட்டாரா என்று சிலர் கேட்கிறார்கள். கட்டுப்பாட்டு அறையின் கவனிப்பு இல்லாத வான்வெளியில் இன்றைக்கும் அடிப்படை விதி அதுதான், பார், விலகு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். எதிரே ஒரு பொருள் வருவதைக் கவனித்து, அது என்னவென்று புரிந்து, மோதும் என்று தீர்மானித்து, கையால் இயக்கி, விமானம் திரும்புவதற்கு மொத்தம் 12.5 விநாடி ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டி சொல்கிறது. சாதாரணச் சின்ன விமானம் 100 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 185 கி.மீ. வேகத்தில் வந்தால் அந்த 12.5 விநாடியில் 640 மீட்டர் கடந்துவிடும். ஆகவே 640 மீட்டருக்கு அப்பாலேயே ட்ரோன் கண்ணில் பட்டாக வேண்டும். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ட்ரோன் அந்தத் தூரத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை நீட்டிப் பிடித்த காகிதத்தில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத புள்ளியாக. அதையும் மரமும் வீடும் பின்னணியாக இருக்கும்போது தேட வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு, வேடிக்கை என்று சொல்வது சரியில்லைதான். நேராக மோத வரும் பொருள் விமானத்தின் முன்கண்ணாடியில் இடம் மாறாது. பக்கவாட்டில் நகர்வதைத்தான் நம் கண் சட்டென்று பிடிக்கும். மோதப் போவது மட்டும் ஒரே இடத்தில் அசையாமல் நின்று, கடைசி இரண்டு மூன்று விநாடியில் திடீரென்று பெரிதாகும். கண்ணாடியில் ஒட்டிய பூச்சிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

கண்ணை நம்பிப் பறப்பதன் விலை பெரிய விமானங்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. 1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனுக்கு மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தார்கள். பகல் நேரம், இரண்டிலும் அனுபவமுள்ள விமானிகள். அந்த விபத்துக்குப் பிறகுதான் 1958இல் அங்கே விமானப் போக்குவரத்துக்கு ஒரு தனி மத்திய அமைப்பையே உருவாக்கினார்கள், ரேடார் பரவியது. பெரிய விமானத்துக்கு அன்றே கிடைத்த பாதுகாப்பு தாழ்வான வானத்துக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. அங்கேதான் இப்போது ட்ரோன்களைக் கொண்டுபோய் விடுகிறோம்.

ட்ரோன் மோதல் என்பது கற்பனை பயமும் இல்லை. 2017 செப்டம்பரில் நியூயார்க் அருகே அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் ஒரு ட்ரோன் மோதியது. அதை ஓட்டியவர் இரண்டரை மைல் தள்ளி நின்றிருந்தார், மோதியதே அவருக்குத் தெரியாது, விசாரணை அதிகாரிகள் போய்ச் சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டார். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயின்போது, தண்ணீர் மொண்டு கொட்டும் விமானத்தின் இறக்கையில் ஒரு ட்ரோன் ஓட்டை போட்டது; தீ எரிந்துகொண்டிருக்கும்போதே அந்த விமானத்தைச் சில நாள் தரையில் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அங்கேயும் ஓட்டியவரின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில்தான் ட்ரோன் இருந்தது. சரி, இவையெல்லாம் விதியை மீறியவர்கள் கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் 2021 ஆகஸ்டில் கனடாவின் பட்டன்வில் விமான நிலையத்தில் நடந்ததை அப்படித் தள்ள முடியாது. தரையிறங்க வந்துகொண்டிருந்த ஒரு பயிற்சி விமானம் போலீஸ் ட்ரோன் மேலேயே மோதியது. பயிற்சி பெற்ற ஓட்டி, பக்கத்தில் கண்காணிப்பாளர், அரசாங்க வேலை. விமானத்தில் இருந்தவர்கள் ஏதோ பறவை மோதிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் நல்ல பயிற்சி கொடுத்துவிட்டால் போதும், மனிதர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற வாதம் எனக்கு அன்றோடு முடிந்துவிட்டது.

இப்போது வேலிக்கு வருகிறேன். பெரும்பாலான நாடுகளில் சாதாரண ட்ரோன் தரையிலிருந்து 120 மீட்டர், அதாவது 400 அடி வரை போகலாம். ஆள் இருக்கும் விமானம் பொதுவாக 500 அடிக்குக் கீழே வரக் கூடாது. நடுவில் 100 அடி இடைவெளி. காகிதத்தில் வேலி ஏற்கெனவே இருக்கிறது! ஆனால் 500 அடி விதிக்கு இருக்கும் விலக்குகளைப் பாருங்கள்: ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லோருக்கும் விலக்கு, உயிர் காக்கப் போகும் ஹெலிகாப்டருக்கு விலக்கு, மருந்து தெளிக்கும் விமானத்துக்கு விலக்கு. போலீஸ், தீயணைப்பு, மின்கம்பி பார்ப்பவர், மலைச்சரிவில் குதிக்கும் பாராகிளைடர், திடீரென்று எஞ்சின் நின்று வயலில் இறங்கப் பார்க்கும் சின்ன விமானம், எல்லோரும் அந்த வேலிக்குள்தான் வருகிறார்கள். விபத்து நடந்த இடத்தில் அடிபட்டவரை ஏற்றப் போகும் ஹெலிகாப்டர் எங்கே இறங்கும் என்று ஐந்து நிமிடம் முன்னால் வரை அதை ஓட்டுபவருக்கே தெரியாது. அவருக்கு எந்தப் பாதையை ஒதுக்கி வைப்பீர்கள்?

கண்ணுக்கு எட்டாத தூரம் ட்ரோன் பறக்க வேண்டுமென்றால் அந்தப் பகுதியை மற்ற எல்லோருக்கும் தற்காலிகமாக மூடிவிடுவது என்ற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பிரிட்டனில் இதற்காகத் தற்காலிக அபாயப் பகுதி என்று அறிவித்து வந்தார்கள். சோதனைப் பறத்தலுக்கு அது சரி. நாளைக்கு பத்து நிறுவனங்கள் தினமும் பறக்கும் என்றால் பத்துத் துண்டு வானம் மூடப்படும், எஞ்சின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டுபவர் எங்கே போவார்? அப்புறம் ஒரு ட்ரோன் நிறுவனத்தின் துண்டுக்குள் இன்னொரு நிறுவனம் வர முடியாது. பொதுச் சொத்தான வானத்தை முதலில் வந்தவருக்குப் பட்டா போட்டுக் கொடுக்கிற கதையாகிவிடும். நான் ட்ரோன்காரன், எனக்கு இது லாபம்தான், இருந்தாலும் இது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

முதலில் சொன்ன உயரக் கதைக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ட்ரோன் திரையில் 100 மீட்டர் என்று காட்டினால் அது எங்கிருந்து 100? நான் கிளப்பிய இடத்திலிருந்து. 100 மீட்டர் உயரமுள்ள குன்றின் உச்சியில் நின்று கிளப்பி, பள்ளத்தாக்குப் பக்கம் ஓட்டினால் திரை 100 என்றே காட்டும், கீழே தரை 200 மீட்டர் தள்ளி இருக்கும். நான் விதியை மீறியிருப்பேன், திரை என்னைப் பாராட்டிக்கொண்டிருக்கும்.

விமானத்தின் உயரமானி வேறு ஜாதி. அது காற்றழுத்தத்தை அளக்கும் கருவி. கீழே பறக்கும்போது விமானி அந்தப் பகுதியின் அழுத்தத்தைக் கேட்டு அதில் வைத்துக்கொள்வார், அப்போது அது கடல் மட்டத்திலிருந்து உயரத்தைக் காட்டும்; மேலே போன பிறகு எல்லோரும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற பொது எண்ணுக்கு மாறிவிடுவார்கள். ஒரு ஹெக்டோபாஸ்கல் தப்பாக வைத்தால் கிட்டத்தட்ட 8 மீட்டர் பிசகும். பத்து தப்பினால் 80 மீட்டர். பத்தாயிரம் மீட்டரில் பறக்கும் விமானங்களுக்கு இது பெரிய பிரச்சினை கிடையாது, எல்லோரும் ஒரே எண்ணை வைத்திருப்பதால் எல்லோரும் ஒரே அளவுக்குத் தப்பாக இருப்பார்கள். தப்பிலும் ஒற்றுமை இருந்தால் போதும்.

மூன்றாவது ஜி.பி.எஸ். உயரம். அது பூமியை ஒரு வழவழப்பான கணித உருண்டையாக வைத்துக்கொண்டு அதிலிருந்து அளக்கிறது. நிஜக் கடல் மட்டம் அப்படி வழவழப்பாக இல்லை, ஈர்ப்பு விசைக்கேற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகத்திலேயே ஆழமான பள்ளம் இந்தியாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, அங்கே இரண்டுக்கும் வித்தியாசம் 100 மீட்டருக்கு மேல்! ட்ரோனுக்குக் கொடுத்திருக்கும் மொத்த வானமே 120 மீட்டர்தான் என்பதை நினைவில் வையுங்கள். கணக்கில் இந்த வித்தியாசத்தைச் சேர்க்க மறந்தால், அந்தப் பக்கத்தில் கோட்டுக்கு மேலே இருப்பவர் கீழே இருப்பதாகவும் கீழே இருப்பவர் தண்ணீருக்குள் இருப்பதாகவும் கம்ப்யூட்டர் காட்டும்.

ஆக மூன்று பேர், மூன்று அளவுகோல். "நான் 300 அடியில் இருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் மற்றவருக்கு அதன் அர்த்தம் வேறு. எல்லோருக்கும் பொதுவான ஓர் உயரக் கணக்கு வேண்டும், அல்லது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உடனே மாற்றிக் கொடுக்கும் சேவை வேண்டும். வான்வெளி நவீனமயமாக்கல் என்று எவ்வளவோ பேசுகிறார்கள், ட்ரோன் டாக்ஸி படமெல்லாம் போடுகிறார்கள், இந்த அலுத்துப்போன வேலையைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடுவதில்லை.

உயரம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1996 நவம்பர் 12 சாட்சி. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன உயரத்தைவிடக் கீழே இறங்கிவிட்டது, டெல்லிக் கட்டுப்பாட்டு அறையில் அப்போது பயன்பாட்டில் இருந்த ரேடாரில் விமானத்தின் உயரம் தெரியாது. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் ராணுவ ஹெலிகாப்டரும் தரையிறங்க வந்த பயணிகள் விமானமும் மோதி 67 பேர் இறந்ததிலும் இதே வாடை அடிக்கிறது. ஹெலிகாப்டர்களுக்கு அங்கே தனிப் பாதை இருந்தது, ஆமாம், வரைபடத்தில் கோடு போட்ட பாதை, 200 அடிக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்போடு. அந்த வரம்பைச் சரியாகக் கடைப்பிடித்தாலும் இறங்கும் விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவே சுமார் 75 அடிதான் இருக்கும் என்று விசாரணையில் தெரிந்தது. ஹெலிகாப்டர் 200 அடிக்கு மேலே இருந்தது. தன் இருப்பிடத்தை ஒலிபரப்பும் கருவியும் அதில் அன்று வேலை செய்யவில்லை. உங்கள் படத்தில் இருக்கும் கோட்டை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

சரி, விளக்கு என்கிறாயே, எந்த விளக்கு? விமானங்களில் ஏ.டி.எஸ்.-பி என்ற முறை இருக்கிறது. விமானம் ஜி.பி.எஸ். மூலம் தன் இடத்தைக் கண்டுபிடித்து, கூடவே உயரமானியின் கணக்கையும் சேர்த்து, 1090 மெகாஹெர்ட்ஸில் விநாடிக்கு விநாடி ஒலிபரப்பும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதை எல்லா ட்ரோனிலும் மாட்டிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் லட்சக்கணக்கான ட்ரோன்கள் ஒரே அலைவரிசையில் கத்தினால் விமானங்களின் குரல் அமுங்கிவிடும், அதனால் அமெரிக்காவில் சின்ன ட்ரோன்களில் அதை ஒலிபரப்பவே பொதுவாகத் தடை. கேட்பதற்குத் தடை இல்லை. நியாயமான ஏற்பாடு: விமானம் பேசட்டும், ட்ரோன் கேட்டு விலகட்டும். சில மாடல்களில் அந்தக் காது ஏற்கெனவே இருக்கிறது. எங்களிடம் அன்று இருந்த மாடலில் இல்லை.

ரிமோட் ஐ.டி. இருக்கிறதே என்பார்கள். அது வைஃபை அல்லது ப்ளூடூத்தில் ட்ரோனின் அடையாளத்தையும் ஓட்டுபவர் நிற்கும் இடத்தையும் அனுப்பும், பக்கத்தில் இருப்பவர் போனில் பார்க்கலாம். போலீசுக்கு உதவும். 185 கி.மீ. வேகத்தில் வரும் விமானிக்கு உதவாது. அது நம்பர் பிளேட், நான் கேட்பது ஹெட்லைட்.

ஐரோப்பிய யூனியன் செய்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. 2023 ஜனவரியில் அமலுக்கு வந்த யூ-ஸ்பேஸ் விதிகளின்படி, ட்ரோன் நெரிசல் இருக்கும் பகுதியை ஒரு நாடு யூ-ஸ்பேஸ் என்று அறிவிக்கலாம். அங்கே யாருக்கும் கதவு மூடப்படுவதில்லை. கட்டுப்பாட்டு அறையின் சேவை பெறாத விமானம் உள்ளே வரலாம், ஆனால் தன் இருப்பிடத்தை மின்னணு முறையில் தெரியப்படுத்திக்கொண்டு வர வேண்டும். ஏ.டி.எஸ்.-பி வேண்டாமென்றால் விலை குறைந்த சின்ன ரேடியோக் கருவி, அதுவும் வேண்டாமென்றால் செல்போன் வழியாகவும் வழி வைத்திருக்கிறார்கள். பாராகிளைடர்காரர் எடை பார்த்துப் பார்த்துச் சாமான் கட்டுபவர், அவரிடம் போய் விமானத்து டிரான்ஸ்பாண்டர் என்ற ரேடியோக் கருவியை மாட்டு என்றால் சிரிப்பார். போன் இருக்கிறது அவரிடம்.

காசு யார் கொடுப்பது என்பதில்தான் சண்டை. "நாங்கள் பல வருடமாக இப்படித்தான் பறக்கிறோம், நேற்று வந்தவனுக்காக நாங்கள் ஏன் கருவி வாங்க வேண்டும்?" என்று கிளைடர், சின்ன விமானக்காரர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிரிட்டன் 2020இல் இந்தக் கருவி வாங்குபவர்களுக்குப் பாதி விலையை, 250 பவுண்டு வரை, திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. நான் ஒரு படி மேலே போவேன், தினமும் ஆயிரம் பொட்டலம் கொண்டுபோய்ப் போட்டுச் சம்பாதிக்கப் போகிற நிறுவனங்களிடமிருந்து அந்தப் பணத்தை வாங்கிக் கொடுக்க வேண்டும். லாபம் யாருக்கோ, செலவும் அவருக்கே.

அமெரிக்கா 2025 ஆகஸ்டில் வெளியிட்ட வரைவு விதி வேறு வழி பிடிக்கிறது: இருப்பிடத்தை ஒலிபரப்பும் விமானத்துக்கு ட்ரோன் வழிவிட வேண்டும், ஒலிபரப்பாத விமானம் என்றால் விமான நிலையச் சுற்றுப்புறம் போன்ற இடங்கள் தவிர மற்ற இடங்களில் முன்னுரிமை ட்ரோனுக்கே. எல்லோரையும் கருவி வாங்க வைக்க நல்ல தந்திரம்தான். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. மோதினால் ட்ரோன்காரனுக்கு நஷ்டம் பணம், அந்தப் பக்கம் இருப்பவருக்கு நஷ்டம் உயிர். கருவி பழுதாகிவிட்ட விமானியும் ஒலிபரப்பாதவர்தான், அவர் என்ன பாவம் செய்தார்? கருவியைக் கட்டாயமாக்குங்கள், மீறினால் அபராதம் போடுங்கள், யார் விலகுவது என்ற கேள்வியில் மட்டும் உள்ளே ஆள் இருக்கும் வண்டிக்கே முதலிடம்.

ட்ரோனும் ட்ரோனும் மோதாமல் இருப்பது இதைவிட எளிது, ஆச்சரியமாக இருந்தாலும் உண்மை. 2024 ஜூலையில் அமெரிக்காவின் டாலஸ் பகுதியில், ட்ரோனில் பொட்டலம் கொண்டுபோகும் விங், சிப்லைன் என்ற இரண்டு போட்டி நிறுவனங்களும் ஒரே வானத்தில் கண்காணிப்பாளர் இல்லாமல் பறக்க அனுமதி கிடைத்தது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து யாரும் அவற்றை நகர்த்துவதில்லை. கிளம்புவதற்கு முன்பே ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர், "இந்த இடத்தில் இந்த நேரத்துக்கு இந்த உயரத்தில் இருப்பேன்" என்று அடுத்த நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடுகிறது, இடித்தால் ஒருவர் பாதையையோ நேரத்தையோ மாற்றிக்கொள்கிறார். தொழிலில் எதிரிகள், வானத்தில் ஒத்துழைப்பு. இங்கே வேலியே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் கடைசி நொடியில் இயந்திரம் தானே முடிவெடுத்து விலகும் இடத்துக்கு வரும்போது ஒரு பழைய பாடம் இருக்கிறது. 2002 ஜூலை 1 இரவில் ஜெர்மனியின் யூபர்லிங்கன் அருகே இரண்டு விமானங்கள் மோதும் பாதையில் வந்தன. ரஷ்ய விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவி மேலே ஏறு என்றது, தரையில் இருந்த கட்டுப்பாட்டாளர் கீழே இறங்கு என்றார். ரஷ்ய விமானிகள் மனிதர் சொன்னதைக் கேட்டார்கள். இன்னொரு பக்கமிருந்து வந்த சரக்கு விமானம் தன் கருவி சொன்னபடி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் சிறுவர்கள். அதற்குப் பிறகு கருவிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் முரண்பாடு வந்தால் கருவி சொல்வதையே கேட்க வேண்டும் என்று உலகம் முழுவதும் தெளிவாக்கினார்கள். ட்ரோன் எதிரே விமானம் வருவதை உணர்ந்தால் பெரும்பாலும் கீழே இறங்கும், நானும் அதைத்தான் செய்தேன். அதே நேரம் கீழே இறங்கிக்கொண்டிருப்பது அடிபட்டவரை ஏற்ற வந்த ஹெலிகாப்டர் என்றால்? யார் எந்தப் பக்கம் விலகுவது என்பதை இப்போதே, மோதல் இல்லாத காலத்திலேயே, ஒரே விதியாக எழுதி எல்லா இயந்திரத்திலும் ஏற்ற வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு வேறு அறிவு இருக்கக் கூடாது.

விளக்கு போடாதவர்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பறவை விளக்கு போடாது, கெட்ட எண்ணம் உள்ளவனும் போட மாட்டான். 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையம் ட்ரோன் தெரிந்ததாக வந்த தகவல்களால் மூடப்பட்டு, சுமார் ஆயிரம் விமானங்களும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பயணிகளும் மாட்டிக்கொண்டார்கள். இன்றுவரை யார் மேலும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை, ட்ரோனின் ஒரு படம்கூடப் பொதுவில் வரவில்லை. ஒரு பெரிய விமான நிலையத்துக்குத் தன் தலைக்கு மேலே ட்ரோன் இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல வழி இல்லாமல் போனதுதான் அதில் எனக்குப் பெரிய செய்தி. ஆகவே தரையில் ரேடாரும் கேமராவும் வேண்டும், ட்ரோனிலும் சொந்தப் புலன் வேண்டும். சிப்லைன் தன் ட்ரோன்களில் மைக்ரோபோன் வைத்து எதிரே வரும் விமானத்தின் சத்தத்தைக் கேட்க வைக்கிறது. அதைப் படித்தபோது அந்தத் தம்பி ஞாபகம்தான் வந்தது. எல்லோரும் விளக்கு போட்ட வானத்தில் போடாதவனைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஒலிபரப்பை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது என்பதும் உண்மை. ஏ.டி.எஸ்.-பி செய்தியைப் பூட்டுப் போட்டு அனுப்புவதில்லை, ஜி.பி.எஸ். சிக்னலை அமுக்கவும் ஏமாற்றவும் முடிகிறது, போர் நடக்கும் பகுதிகளுக்குப் பக்கத்தில் பயணிகள் விமானங்களே அதனால் அவதிப்படுகின்றன. ஒரு கருவி பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்க வேண்டும்.

ஆள் இல்லாமல் பறக்கும் வண்டியை இன்னொரு நாட்டின் மேல் அந்த நாட்டின் அனுமதி இல்லாமல் ஓட்டக் கூடாது என்று 1944 சிகாகோ உடன்படிக்கையின் எட்டாவது பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மற்ற விமானங்களுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. எண்பது வருடமாக வாசலில் நிற்கும் விருந்தாளி திடீரென்று வந்துவிட்டதாக நடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ட்ரோன் ஓட்டும் ஒரு வாசகர்

பி.கு.: அந்தப் படத்தைப் பற்றி ஒன்று. மேலே வரைந்திருக்கும் பயணிகள் விமானம் வழியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் போகும், ட்ரோன் 120 மீட்டரில். இரண்டும் சந்திக்கிற இடம் ரன்வேக்குப் பக்கம் மட்டும்தான். மற்ற இடங்களில் ட்ரோனுக்கு அக்கம்பக்கத்தார் ஹெலிகாப்டரும் மருந்து தெளிக்கும் விமானமும் பாராகிளைடரும். உங்கள் படத்தில் இவர்களில் ஒருவர்கூட இல்லை. அடுத்த முறை வரையும்போது ஒரு பாராகிளைடரையாவது சேர்க்கச் சொல்லுங்கள்.